தனிக்கணினி வரலாற்றை இணையத்தில் தேடும் முறை

தனிக்கணினியின் வரலாற்றை ஆராய விரும்புபவர், பிற்காலத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தந்தக் காலத்தில் அச்சான இதழ்களிலிருந்து தொடங்குவதே நல்லது. 1975 செப்டம்பரில் வெளிவரத் தொடங்கிய பைட் என்ற கணினி இதழின் ஸ்கேன் பிரதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இருக்கின்றன. பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ் இதழை வேர்ல்டு ரேடியோ ஹிஸ்டரி தளத்தில் படிக்கலாம். அக்காலத்தவர் இக்கருவியைப் பெரும்பாலும் 'மைக்ரோகம்ப்யூட்டர்' என்றே குறிப்பிட்டதால், 'பெர்சனல் கம்ப்யூட்டர்' என்று மட்டும் தேடினால் பல பக்கங்கள் கண்ணில் படாமலே போய்விடும். ஸ்கேன் செய்த எழுத்துகளைக் கணினி தவறாகப் படிப்பதும் உண்டு என்பதால், 8080 (இன்டெல் நுண்செயலி ஒன்றின் பெயர்) போன்ற எண்களில் சுழியம் ஆங்கில எழுத்து 'ஓ' ஆக மாறியிருக்குமோ என்று மாற்றியும் தேடிப் பார்க்க வேண்டும்.

கட்டுரைகளைவிட விளம்பரங்களே எனக்குப் பயன்பட்டிருக்கின்றன. விலை, நினைவகத்தின் அளவு, நிறுவன முகவரி எல்லாம் அவற்றில் கிடைக்கும். ஆனால் விளம்பரம் வந்த மாதத்தைக் கருவி விற்பனைக்கு வந்த மாதமாகக் கொள்ளக்கூடாது. படங்களையும் அப்படியே நம்பிவிட முடியாது: பாப்புலர் எலக்ட்ரானிக்ஸின் 1975 ஜனவரி அட்டையில் ஆல்டேர் 8800 என்ற ஆரம்பகாலத் தனிக்கணினி கம்பீரமாகத் தெரிகிறது; ஆனால் முன்மாதிரிக் கருவி அனுப்பிய வழியில் தொலைந்துபோனதால், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் பெட்டியே அங்கே படமாக்கப்பட்டது.

அடுத்ததாக, கருவிகளை உருவாக்கியவர்களின் நேர்காணல்கள். மவுண்டன் வியூவிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியமும் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பாபேஜ் இன்ஸ்டிடியூட்டும் அவற்றை எழுத்து வடிவில் இலவசமாகத் தருகின்றன. முப்பது ஆண்டு கழித்துச் சொல்லப்படும் நினைவில் தேதிகள் இடம் மாறுவது இயல்பு. ஆகவே நேர்காணல் எடுத்த ஆண்டைக் குறித்துக்கொண்டு, சொல்லப்பட்டதை அக்கால ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு, மென்பொருளை நகலெடுப்பதைக் கண்டித்து பில் கேட்ஸ் எழுதிய கடிதம் போன்றவற்றை, பிறர் தரும் சுருக்கத்தை நம்பாமல் மூலத்திலேயே படித்துவிடலாம்.

கையேடுகளுக்கு, பழைய கணினி ஆவணங்களின் ஸ்கேன் பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிட்சேவர்ஸ் தளம் போதும். நிரல் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸின் 1.1, 2.0 பதிப்புகளின் மூல நிரல்களை மேற்சொன்ன அருங்காட்சியகமே 2014இல் வெளியிட்டிருக்கிறது.

எந்த ஆவணத்தைக் கண்டாலும் இதழின் பெயர், மாதம், பக்க எண் ஆகிய மூன்றையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; தனிநபர் தளமாக இருந்தால், அது எந்நேரமும் மறையக்கூடும் என்பதால், அப்பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் சேமித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.