செல்லாத சீட்டு என்று சொல்ல நீங்கள் யார்?

ஊரக உள்ளாட்சித் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை 2020 ஜனவரி 2 அன்று நடந்தது. ஈரோடு மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தின் எண்ணும் மையத்தில் மேசை மேற்பார்வையாளராக இருந்தேன். எதிரே, முதல்முறையாக வந்திருந்த இளம் ஆசிரியர்கள். 2011-இல் நான் செய்த தவறுகளை ஒவ்வொன்றாக என் கண்முன்னே செய்துகொண்டிருந்தார்கள். கூட்டல் பிழை, தூக்கம், பசி பற்றிப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள், அவற்றை விடுகிறேன். மற்ற தவறுகள் இவை.

விரிக்காமல் நிறம் பிரிப்பது

வார்டு உறுப்பினருக்கு வெள்ளை அல்லது நீலம், ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கையும் ஒன்றாக மடித்துப் போடுகிறவர்கள் உண்டு. பச்சைக்குள் வெள்ளை ஒளிந்திருக்கும். முழுதாக விரித்த பிறகே குவியலில் போடுங்கள். நான்கு நிறம் குழப்புகிறது என்று புலம்பவும் வேண்டாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் நம் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டே புத்தகமாக இருந்தது.

சாவடிக் கணக்கோடு ஒப்பிடாமல் கட்டுப் போடுவது

சாவடியில் பதிவான சீட்டுகளின் எண்ணிக்கையோடு பொருந்தாவிட்டால் அத்தனை கட்டையும் அவிழ்க்க நேரிடும்.

கறையை இரண்டாவது வாக்கு என்று நினைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது, முதலில் என்மீதே.

2011-இல் ஒரு வார்டுச் சீட்டுகளை நான் பிரித்தேன். நான்கு சீட்டுகளில் இரண்டு சின்னங்கள்மீதும் முத்திரை தெரிந்தது. ‘இருவருக்கும் குத்தியிருக்கிறார்கள், செல்லாது’ என்று ஒதுக்கினேன். எங்கள் மேசையருகே நின்ற பெரியவர் ஒருவருடைய வேட்பாளர் இரண்டு வாக்கில் தோற்றிருந்தார். “அம்மணி, அந்த நான்கையும் வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள்” என்றார். தோற்றவர் பேச்சுத்தானே என்று நான் நிமிரக்கூட இல்லை. அவர் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போனார்.

அலுவலர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். சுவஸ்திக் முத்திரையின் கைகள் ஒரே திசையில் திரும்பியிருக்கும். மை காயும் முன் மடித்தால் எதிரே ஒட்டும் கறையில் அவை எதிர்த்திசையில் திரும்பிவிடும், கண்ணாடியில் தெரியும் எழுத்தைப் போல. முதலில் நீளவாக்கில் மடிக்கச் சொல்வதும் இதற்காகத்தான். கறை அதே வேட்பாளரின் கட்டத்திலேயே விழும். குறுக்கே மடித்தால் வேறு சின்னத்தில் போய் ஒட்டும். என் நான்கில் மூன்று கறை. ஒன்றுதான் உண்மையிலேயே இரட்டை வாக்கு. இரண்டு வாக்கில் தோற்றவர் ஒரு வாக்கில் வென்றார். எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? எல்லாக் கட்டையும் மீண்டும் பிரிக்கச் சொன்னார்கள். வீடு போய்ச் சேர்ந்தபோது பால்காரர் வந்துவிட்டிருந்தார்.

‘சந்தேகம் என்றால் செல்லாது’ என்ற வாய்ப்பாட்டை யார் கற்றுக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. சந்தேகச் சீட்டைத் தனியே வைப்பதோடு எண்ணுபவரின் வேலை முடிந்தது. நிராகரிப்பது அலுவலரின் அதிகாரம். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கான 1961-ஆம் ஆண்டு விதிகளில் 56-ஆவது விதி தெளிவாக இருக்கிறது: முத்திரை மங்கலாக இருக்கிறது, ஒன்றுக்கு மேல் விழுந்திருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளக் கூடாது, வாக்கு யாருக்கு என்பது தெளிவாகத் தெரிந்தால். ஒரே சின்னத்தில் மூன்று முறை குத்தும் பாட்டிகள் நம் ஊரில் நிறைய. அது ஒருவருக்கான ஒரே வாக்கு.

சீட்டின் பின்னால் வாக்குச்சாவடி அலுவலரின் கையெழுத்து இல்லையா? அதையும் நீங்களாகக் கழிக்காதீர்கள். அலுவலர் செய்த பிழைக்காக மட்டும் வாக்காளரின் சீட்டைத் தள்ளக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. வாக்காளர் தன் பெயரை எழுதி வைத்தால் கதை வேறு. ஆளை அடையாளம் காட்டும் சீட்டு நிராகரிக்கப்படும்.

முகவர் கையில் சீட்டைக் கொடுப்பது

காட்டுங்கள். கொடுக்காதீர்கள்.

கட்டின் மேல்சீட்டை நம்புவது

அடியில் வேறு சின்னம் இருக்கலாம். புரட்டுங்கள்.