இறப்புக் காரணப் புள்ளிவிவரத்தை வாசிக்கும் முறை

மருத்துவச் சான்று பெற்ற இறப்புக் காரணங்கள் குறித்து இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் அறிக்கையைத் திறந்ததும், நோய்களின் வரிசைக்குச் செல்லும் முன், பதிவான இறப்புகளில் எத்தனை விழுக்காட்டிற்கு மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்தார் என்பதைத் தேடுங்கள். 2020ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 22.5 விழுக்காடு மட்டுமே. அவ்வாண்டு இரத்த ஓட்ட மண்டல நோய்கள் 32.1 விழுக்காட்டுடன் முதலிடம் பெற்றன என்பது, சான்று பெற்ற இறப்புகளுக்குள் அவற்றின் பங்கேயன்றி, நாட்டின் எல்லா இறப்புகளிலும் அவற்றின் பங்கு அன்று. வீட்டில் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவை இக்கணக்கில் சேர்வதே இல்லை.

அடுத்து வயதுவாரி அட்டவணையைப் பாருங்கள். இளையோரைக் கொல்லும் காரணங்கள் மொத்தக் கணக்கில் மறைந்துவிடுவதால், இதைத் தவிர்ப்பது பெரும் பிழை என்றே கருதுகிறேன். மாநிலங்களை ஒப்பிடுகையில் சான்றளிப்பு விகிதங்களையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். தெளிவற்ற காரணங்கள் என்னும் பிரிவு எங்கே பெருத்திருக்கிறதோ, அங்கே மற்ற நோய்களின் எண்ணிக்கையையும் எச்சரிக்கையோடு எடுத்தாள வேண்டும்.