பலகைக் காளானை இனம் காண்பது எப்படி? உருவமும் டி.என்.ஏ-வும்

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியெங்கும் பட்டுப்போன ரப்பர் மரத்திலும் தென்னை அடியிலும் பலகைக் காளான்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். போட்டோ எடுத்துச் செயலியில் போட்டால் உடனே ஒரு பெயர் வரும். அதை எழுதி வைக்காதீர்கள். கையில் மாதிரி இருந்தால்தான் பெயரை என்றைக்கும் சரிபார்க்க முடியும்.

சேகரிப்பு

தோப்பு என்றால் தோப்புக்கார அண்ணாச்சியிடம் கேளுங்கள். காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் பட்ட கட்டையைக்கூடத் தொடக் கூடாது. வெட்டும் முன் மேல்பக்கம், அடிப்பக்கம், ஓரம் மூன்றையும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். எந்த மரம், உயிரோடு இருக்கிறதா, காளான் வேரிலா தண்டிலா என்று அங்கேயே நின்று எழுதிவிடுங்கள். ரப்பர் வேரை அழிக்கும் ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ், தென்னை அடியில் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் கனோடெர்மா போன்றவற்றுக்கு மரமும் இடமும் பெரிய துப்பு. எடுத்ததைக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீனில் வேர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.

டி.என்.ஏ-வுக்கான துண்டை அன்றே எடுத்துவிட வேண்டும். மேல்தோலில் வேறு பூசணங்கள் ஒட்டியிருக்கும். அதனால் காளானைப் பிளந்து, சுத்தமான பிளேடால் உள்சதையில் அரிசி அளவு வெட்டி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளில் போடுங்கள். மீதியை மிதமான சூட்டில் முழுக்க உலர்த்துங்கள். பிறகு காற்றுப் புகாத பையில் கட்டி ஒரு வாரம் உறைபெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் வண்டு அரித்துப் பொடியாக்கிவிடும்.

அடிப்பக்கம்தான் முக்கியம்

எல்லோரும் மேல்பக்க நிறத்தைப் பார்ப்பார்கள். ஆனால் நிறம் வயதோடும் மழையோடும் மாறும். பத்து மடங்கு லென்ஸை அடிப்பக்கத்தில் வைத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் எத்தனை துளைகள் என்று எண்ணுங்கள். ஓரத்தில் துளை இன்னும் முழுதாக உருவாகியிருக்காது, சரிவில் வளர்ந்த இடத்தில் இழுபட்டிருக்கும். இரண்டையும் விட்டு நடுவில் பல இடங்களில் எண்ண வேண்டும். ஹெக்சகோனியாவில் அறுகோணத் துளைகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். மஞ்சள் காம்புள்ள மைக்ரோபோரஸ் சாந்தோபஸில் லென்ஸ் இல்லாமல் துளையே தெரியாது. துளையே இல்லாமல் பிளந்த மடிப்புகள் இருந்தால் அது ஸ்கைசோஃபில்லம்.

சதையில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுங்கள் (கையுறை கட்டாயம்). சதை கருப்பாகி அப்படியே நின்றால் பெல்லினஸ் சேர்ந்த ஹைமினோகீட்டேசி குடும்பத்தைச் சந்தேகிக்கலாம்.

நுண்ணோக்கி கிடைத்தால் சதையில் உள்ள இழைகளைப் பாருங்கள். வளரும் இழை, விறைப்பான எலும்பு இழை, பின்னிப் பிணைக்கும் இழை என்று இவற்றைப் பிரித்துப் பார்க்கும் முறையை 1932-இல் காளான் ஆய்வாளர் கார்னர் முன்வைத்தார். இன்றைக்கும் இதுதான் அடிப்படை. கனோடெர்மாவின் வித்துக்குச் சுவர் இரட்டை, ஒரு முனை மழுங்கியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் பேரினத்தில் சந்தேகம் இல்லை.

மரபணு

டி.என்.ஏ-வைப் பிரித்து, அதில் ஐ.டி.எஸ் என்ற சிறு பகுதியைப் பி.சி.ஆரில் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கக் கொடுக்க வேண்டும். கல்லூரி ஆய்வகம் உதவினால் போதும். பூஞ்சைகளின் பொது அடையாளக் குறியாக இந்தப் பகுதி 2012-இல் முன்மொழியப்பட்டது.

வரிசை வந்ததும், பொதுத் தரவுத்தளத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற இணையக் கருவியில் தேடுவீர்கள். முதலில் வரும் பெயரை எடுத்துக்கொள்ளாதீர்கள். கனோடெர்மா லூசிடம் என்ற பெயர் இங்கிலாந்துக் காளானுக்கு வைத்தது. ஆசியாவில் பல காளான்களுக்கும் அதே பெயரைப் போட்டுத் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சீனாவின் லிங்ஜி காளானே 2012-இல்தான் கனோடெர்மா லிங்ஜி என்று தனி இனமாகப் பிரிந்தது. அதனால் பொருந்திய வரிசை மூல மாதிரியிலிருந்து (அந்த இனத்துக்குப் பெயர் வைக்க அடிப்படையான மாதிரி) வந்ததா, எவ்வளவு நீளத்துக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். 97 சதவீதம் ஒத்திருந்தால் ஒரே இனம் என்ற கோட்டை நம்ப வேண்டாம். நெருங்கிய கனோடெர்மா இனங்கள் அதைவிட ஒத்திருக்கும். அங்கே டெஃப்1 போன்ற இரண்டாவது மரபணுவும் வேண்டும்.

டிரைக்கோடெர்மா என்று விடை வந்தால் காளான் மேல் ஒட்டிய பூசணத்தின் டி.என்.ஏ-வைப் படித்திருக்கிறீர்கள், உள்சதையிலிருந்து மறுபடி எடுங்கள். துளையும் இழையும் ஒன்றைச் சொல்ல, சுத்தமான வரிசை வேறொன்றைச் சொன்னால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உறையின் மேல் மாதிரி எண்ணை எழுதி, வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது அதே எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள்.