பென்ஷன் இல்லாத அப்பா அம்மாவுக்கும் இலவச பஸ் பாஸ் உண்டு

இங்கிலாந்தில் மூத்தவர்களுக்கான இலவச பஸ் பாஸ், ஸ்டேட் பென்ஷன் (அரசு ஓய்வூதியம்) வயதில் கிடைக்கும். இதைச் சொன்னதுமே, அண்மையில் வந்த பெற்றோர் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். "நாங்கள் இங்க ஒரு நாள்கூட வேலை செய்யேல்லையே, எங்களுக்கு எங்க பென்ஷன்?" பென்ஷன் வேறு, பாஸ் வேறு. விதி அந்த வயதை மட்டும்தான் அளவாக எடுத்துக்கொள்கிறது. பென்ஷன் வாங்குகிறீர்களா, நாஷனல் இன்சூரன்ஸ் (வேலை செய்பவர்கள் அரசுக்குக் கட்டும் காப்புறுதிப் பணம்) கட்டினீர்களா என்று எவரும் கேட்பதில்லை. வயது வந்துவிட்டதா, நீங்கள் முதன்மையாகக் குடியிருக்கும் வீடு விண்ணப்பிக்கும் கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) எல்லைக்குள் இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி.

ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயதுதான். 1960 ஏப்ரல் 6க்கு முன் பிறந்து இன்னும் பாஸ் எடுக்காதவர்கள் காத்திருக்கத் தேவையில்லை, அவர்களுக்கு 66. அந்த நாளிலிருந்து 1961 மார்ச் 5 வரை பிறந்தவர்களுக்கு 66 வயதோடு சில மாதங்கள் கூடும். அதற்கடுத்துப் பிறந்த இன்றைய அறுபதுகாரர்களுக்கு 67. உங்கள் சரியான நாளை அரசின் இணையத்தளத்தில் பிறந்த திகதியைப் போட்டுப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டில் உள்ள திகதிதான் செல்லும். சாதகத்தில் வேறு திகதி இருந்தால் அது சாத்திரிக்கு மட்டும்.

விசாவில் பொது நிதியை, அதாவது அரசின் குறிப்பிட்ட உதவிகளை, நாடக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள், பாஸ் எடுத்தால் பின்னால் சிக்கல் வருமோ என்று பயப்படுகிறார்கள். குடிவரவு விதிகளில் பொது நிதி என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்ட உதவிகளில் பஸ் பாஸ் இல்லை. ஆனால் விசிட் விசாவில் ஆறு மாதம் வந்து நிற்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுடைய வீடு ஊரில்தானே இருக்கிறது.

லண்டனில் வசிப்பவர்கள் பென்ஷன் வயது வரை காத்திருக்க வேண்டாம். அறுபது வயதிலேயே 60 பிளஸ் ஓய்ஸ்டர் என்ற லண்டன் பயண அட்டை எடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் உண்டு, ஆனால் அண்டர்கிரவுண்ட், பஸ், டிராம் எல்லாம் அதில் அடங்குவதால் சில வாரங்களிலேயே ஈடாகிவிடும். பென்ஷன் வயது வந்ததும் அதற்குப் பதிலாக ஃப்ரீடம் பாஸுக்கு (லண்டனில் மூத்தவர்களுக்கான பாஸ்) மாற வேண்டும். அது கட்டணமில்லாதது.

ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் வயது 60. ஸ்கொட்லாந்தின் அட்டையில் தூரப் பயணக் கோச்சுகளிலும் போகலாம், நேரக் கட்டுப்பாடும் இல்லை. என்னைக் கேட்டால் நான்கில் அதுதான் தாராளமானது. பொதுவாக எந்த நாட்டு அட்டையோ அது அந்த நாட்டு பஸ்களுக்குத்தான். லண்டன் மாமா வேல்ஸிலுள்ள கார்டிஃப் போனால் அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் வயதை நிரூபிப்பது சுலபம், பாஸ்போர்ட் போதும். சிக்கல் முகவரியில்தான். மகன் அல்லது மகள் வீட்டில் இருக்கும் அம்மாவின் பெயரில் கரண்ட் பில்லும் வராது, கவுன்சில் டாக்ஸும் வராது. அதனால் பாஸைப் பற்றி யோசிக்கும் முன்பே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில் அம்மாவை ஜிபியிடம் (குடும்ப மருத்துவரிடம்) பதியுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் பெயரில் கடிதங்கள் வரத் தொடங்கும். பிறகு அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு திறந்து, ஸ்டேட்மென்ட்டைத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தக் கடிதத்தை ஏற்பார்கள், எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அவர்களுடைய பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள். பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் முன்னால், வங்கியில் பின்னால் என்றிருந்தால் விண்ணப்பம் திரும்பி வரலாம். இணையத்தில் செய்யத் தெரியாதவர்கள் உள்ளூர் நூலகத்தில் உதவி கேட்கலாம்.

வயது வராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பார்வை, கேட்டல், நடை ஆகியவற்றில் கடுமையான குறைபாடு இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான பாஸ் எந்த வயதிலும் கிடைக்கும்.

கையில் பாஸ் வந்தபின் பலரைச் சங்கடப்படுத்துவது நேரம். இங்கிலாந்தில் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9.30 முதல் இரவு 11 வரைதான் இலவசம் உறுதி. சில கவுன்சில்கள் தங்கள் பகுதிக்குள் கூடுதல் நேரம் தருகின்றன. லண்டன் போக்குவரத்தில் காலை 9 மணிக்கே தொடங்கிவிடும். சனி, ஞாயிறு, வங்கி விடுமுறைகளில் நாள் முழுவதும் உண்டு, எனவே ஞாயிறு காலை கோவிலுக்குப் போக ஒரு தடையும் இல்லை. பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் நேரம்தான் உதைக்கும். எட்டரை மணி பஸ்ஸில் பாஸ் வேலை செய்யாது. லண்டன் பஸ்களில் காசும் வாங்கமாட்டார்கள். ஆகவே அம்மம்மாவின் கைப்பையில் தட்டிக் கட்டணம் செலுத்தும் கொண்டாக்ட்லெஸ் வங்கி அட்டை ஒன்றும் இருக்கட்டும். திரும்பி வரும்போது ஒன்பது தாண்டியிருந்தால் பாஸைத் தட்டிக்கொண்டு ஏறலாம்.

பாஸில் அதற்குரியவரின் படம் இருக்கிறது. அவசரத்துக்கு வேறொருவர் கொண்டுபோனால் பறிமுதல் செய்வார்கள். வேறு கவுன்சிலுக்கு வீடு மாறினால் புதிய இடத்தில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.