ஓர் எழுத்தால் தடைபட்ட பயணப் புள்ளிகள்: என் அனுபவம்

அம்மாவைச் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் வகுப்பில் அழைத்துச் செல்வதற்காக, மூன்று ஆண்டுகளாகக் கிரெடிட் கார்டில் சேர்ந்த புள்ளிகளை ஒரு விமான நிறுவனத்தின் மைல்களாக, அதாவது பயணச்சீட்டு பெறப் பயன்படும் அதன் வெகுமதிப் புள்ளிகளாக, மாற்ற முயன்றேன். வங்கியின் செயலி கோரிக்கையை ஏற்றதாகக் காட்டும். நான்காம் நாள் எந்த விளக்கமும் இன்றிப் புள்ளிகள் கார்டுக்கே திரும்பிவிடும். இப்படி இரண்டு முறை நடந்தது.

உறுப்பினர் எண்ணைச் சரிபார்த்தேன், செயலியை நீக்கி மீண்டும் நிறுவினேன், வாடிக்கையாளர் சேவையை ஐந்து முறை அழைத்தேன்; பயனில்லை.

கார்டையும் பாஸ்போர்ட்டையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. கார்டில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல் மட்டுமே இருந்தது. பாஸ்போர்ட்டின் குடும்பப்பெயர்ப் பகுதியில் அதே எழுத்து அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருந்தது, மைல் கணக்கையும் நான் அவ்வாறே தொடங்கியிருந்தேன். வங்கியிலும் மைல் கணக்கிலும் பெயர் பொருந்தாததே தடைக்குக் காரணம். பயணச்சீட்டு பாஸ்போர்ட்டுடன் ஒத்திருக்க வேண்டும் என்பதால், திருத்த வேண்டியது மைல் கணக்கை அன்று, வங்கிப் பதிவையே.

பாஸ்போர்ட் நகலுடன் கிளையில் விண்ணப்பித்து, ஆறாம் நாள் பதிவு மாறியதும், முதலில் 1,000 புள்ளிகளை மட்டும் அனுப்பினேன். மறுநாளே மைல்களாக வந்து சேர்ந்தன. ஒருமுறை மைல்களாக மாறியவற்றைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, மைல்களுக்கு ஒதுக்கிய இருக்கைகள் நாங்கள் விரும்பிய தேதியில் இருப்பதைப் பார்த்த பிறகே மீதியை மாற்றினேன். வரிகளையும் கட்டணங்களையும் மட்டும் பணமாகச் செலுத்தி, இரண்டு இருக்கைகளையும் நிம்மதியாகப் பதிவு செய்தேன்.