தொழிற்சாலை வாயிலில் விலங்குச் சிற்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழிற்சாலையின் நுழைவாயிலில் யானையோ குதிரையோ காளையோ ஓங்கி நிற்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்புவது நல்ல விஷயம்தான். ஆனால் கட்டடப் பணிகளெல்லாம் முடிந்தபின் வாங்கி வைக்கும் அலங்காரப் பொருளாக அதைக் கருதும்போதுதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. திறந்த வெளியில் நிற்கும் பெரிய சிற்பம் ஒரு கட்டுமானம். முதல் வரைபடத்திலிருந்தே சிற்பியுடன் கட்டமைப்புப் பொறியாளரும் இருந்தாக வேண்டும்.

எடையை மட்டும் கணக்கிட்டு அடித்தளம் போடுவது பலரும் செய்யும் பிழை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகிறது. முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையில், அகன்ற உடல் வாங்கும் காற்றின் விசை முழுவதும் மெல்லிய பின்னங்கால்களிலும் அவற்றைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் வந்து இறங்கும். ஸ்காட்லாந்தின் ஃபால்கர்க்கில் உள்ள 30 மீட்டர் உயரக் 'கெல்பீஸ்' குதிரைச் சிற்பங்களில் தலையும் கழுத்தும் மட்டுமே உண்டு. அகன்ற கழுத்தே தரையில் ஊன்றுகிறது. முழு உருவம் இல்லாததால் அவற்றின் கம்பீரம் சிறிதும் குறையவில்லை.

காற்றைவிடப் பொறுமையான எதிரி தண்ணீர். உள்ளீடற்ற உலோகச் சிற்பத்தில் மழைநீர் கசிந்தும் ஈரம் குளிர்ந்தும் நீர் சேர்ந்துகொண்டே இருக்கும். வயிற்றின் அடிப்புறம், குளம்பு, மடங்கிய காது என ஒவ்வொரு தாழ்ந்த புள்ளியிலும் வடிகால் துளை இல்லையென்றால், வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உட்புறம் அரித்துவிடும். வெவ்வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையில் செம்புத் தகட்டுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே இருந்த காப்புப் பொருள் சிதைந்து இரும்பு அரிக்கப்பட்டதால், 1986இல் முடிந்த சீரமைப்பின்போது தகட்டைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகால் மாற்ற வேண்டியிருந்தது. பட்டறையில் சாதாரண இரும்பைத் தேய்த்த அதே சக்கரத்தால் துருப்பிடிக்காத எஃகையும் தேய்த்தால், அதில் ஒட்டிய இரும்புத் துகள்கள் சில மழைக்குள் பழுப்புப் புள்ளிகளாக வெளிப்படும். உலோகத்தைக் குறைசொல்லும் முன் பட்டறையைப் பார்ப்பது நல்லது.

இடத்தேர்வில் லாரி ஓட்டுநரின் கண்ணே அளவுகோல். நீண்ட டிரெய்லர் வளையும்போது அதன் பின்சக்கரங்கள் வளைவின் உட்புறமாக வெட்டிச் செல்லும் என்பதை மறந்து ஓரத்தில் பீடம் கட்டினால், அது அடிக்கடி இடிபடும். யானையின் உடல் மறைக்கும் நடைபாதையில் இறங்கும் தொழிலாளியை ஓட்டுநர் காண முடியாது. இது அழகு குறித்த கேள்வியே அல்ல, உயிர் குறித்தது. கண்ணாடிபோல் மெருகேற்றிய பரப்பு காலை வெயிலைச் சாலைக்குத் திருப்பிவிடாதா என்பதையும் முன்பே பார்த்துவிட வேண்டும். மின்னல் பாதுகாப்புக்கான எர்த்திங், தரைக்கடியில் செல்லும் கேபிள்கள், குழாய்கள் ஆகியவற்றை, அடித்தளத்துக்குத் தோண்டுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும்.

சுற்றிலும் புல்வெளியும் நீர்த்தொட்டியும் அமைத்தபின், முதுகைக் கழுவவோ வர்ணம் பூசவோ தூக்கு வண்டி நெருங்க வழியில்லாமல் போகும் தளங்கள் உண்டு. ஒரு பக்கமாவது அந்த வண்டியின் எடையைத் தாங்கும் திடமான தரையை விட்டுவைக்க வேண்டும்.