பழைய பிக்கப் மிஸ் பண்ணுகிறதா? சாமான் வாங்குமுன் சிலிண்டரைப் பிடியுங்கள்

மாரி தொடங்கினால் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். இரண்டு நாள் மழையில் முற்றத்தில் நின்ற பிக்கப்பை விடிய ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் ஒரு பக்கமாக உதறும், சைலன்சரில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அடி விட்டுப்போன மாதிரி 'புப் புப்' என்று கேட்கும், நெல் மூட்டை ஏற்றினால் மூன்றாம் கியரில் இழுக்கவே இழுக்காது. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் விட்டுப்போகிற இதைத்தான் 'மிஸ் பண்ணுகிறது' என்கிறோம். உடனே பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது, "பிளக்கை மாத்து தம்பி." பிளக் மாற்றினாலும் நிற்காவிட்டால் கொயில், அதுவும் இல்லாவிட்டால் காபரேட்டர் கிட். இப்படித்தான் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு 1200 நிசான் சன்னி பிக்கப்புக்கு ஒரு கராஜில் மூன்று சாமானும் மாற்றினார்கள். காசு போனதுதான் மிச்சம், உதறல் அப்படியே இருந்தது. பிழை இருந்த இடத்தைக் கடைசியில் சொல்கிறேன், முதலில் தேடுகிற முறை.

நான்கு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை என்று தெரியாமல் ஒரு சாமானும் வாங்க வேண்டாம். எனக்கு இதில் வேறு பேச்சே இல்லை.

பெட்ரோல் வண்டி என்றால், எஞ்சினைச் சூடாக்கி ஐட்லிங்கில் விடுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர், அங்கிருந்து பின்னுக்கு இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றி, காதைக் கொடுத்துக் கேளுங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தள்ளாடும், சுற்று குறையும். எந்த வயரைக் கழற்றியும் எஞ்சினில் ஒரு மாற்றமும் இல்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே செத்துக் கிடக்கிறது. வயரை வெறும் கையால் பிடிக்காதீர்கள், பிடி உறை நல்லாக இருக்கும் பிளையரால் பிடியுங்கள். கழற்றிய வயரை அந்தரத்தில் தொங்க விடாமல், ஒரு பழைய பிளக்கை அதில் செருகி அதன் இரும்பு எஞ்சினில் முட்டும்படி வையுங்கள், இல்லாவிட்டால் கொயில் கெடும். இன்னும் பாதுகாப்பாகச் செய்ய நினைத்தால், ஒவ்வொரு தடவையும் எஞ்சினை நிற்பாட்டிக் கழற்றி, பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். பெட்ரோல் ஒழுகுகிற வண்டியில் இந்தச் சோதனையே வேண்டாம், முதலில் ஒழுக்கை அடையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதில் கை வைக்கவே கூடாது.

சிலிண்டர் பிடிபட்டதா? சரி, இப்போது அதன் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். முனை வெளிர் மண்ணிறமாக இருந்தால் அங்கே நெருப்பு நல்லாக எரிந்திருக்கிறது. பெட்ரோல் மணத்தோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க்தான் வரவில்லை. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது ஸ்பார்க் பலவீனம். பிசுபிசுவென்று ஒயில் பிடித்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். வெள்ளையாகச் சுட்டுப் போயிருந்தால் பெட்ரோல் போதாமல் காற்று கூடுதலாகப் போகிறது. மற்ற மூன்றிலும் கறை இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரிப் பளிச்சென்று இருந்தால் கவனம், ஹெட் கஸ்கட் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறதாக இருக்கலாம்.

பிறகு இடம் மாற்றிப் பாருங்கள், இதற்குச் செலவே இல்லை. மூன்றாம் சிலிண்டர் செத்திருந்தால் அதன் பிளக்கை ஒன்றாம் சிலிண்டருக்கும் ஒன்றின் பிளக்கை மூன்றுக்கும் போட்டு ஓடவிடுங்கள். பிழை ஒன்றுக்கு மாறினால் பிளக்தான் குற்றவாளி. மாறாவிட்டால் அடுத்து வயரை இதே மாதிரி மாற்றுங்கள். ஆனால் டெல்கோ (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) மூடியில் எந்தத் துளை எந்தச் சிலிண்டருக்குப் போகிறது என்ற வரிசை குழம்பக்கூடாது, கழற்றுமுன் டேப் ஒட்டி நம்பர் எழுதி வையுங்கள். எங்கள் சன்னியின் ஏ12 எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2.

இரவில் செய்யும் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. லைட் எல்லாம் அணைத்து, பொனட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டு, பூவுக்குத் தண்ணீர் தெளிக்கும் போத்தலால் பிளக் வயர்களிலும் டெல்கோ மூடியிலும் லேசாகப் பனி மாதிரித் தெளியுங்கள். உறை வெடித்த வயரில் நீலப் புழு நெளிகிற மாதிரி ஸ்பார்க் எஞ்சின் இரும்புக்குப் பாய்வது கண்ணுக்குத் தெரியும், 'டிக் டிக்' என்று சத்தமும் கேட்கும். மழையில் மட்டும் மிஸ் பண்ணுகிற வண்டியில் அநேகமாக இதிலேயே விடை கிடைத்துவிடும். கையையும் சட்டையையும் காற்றாடி பெல்ட்டுக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் இல்லாமல் நான்கும் மாறி மாறி விட்டு விட்டு எரிந்தால், கோளாறு நான்குக்கும் பொதுவான இடத்தில்: பொயின்ட் (டெல்கோவுக்குள் கரண்டை விட்டு விட்டு வெட்டும் தொடுப்பு), கண்டென்சர், ரோட்டர், கொயில், கொயிலிலிருந்து டெல்கோவுக்கு வரும் நடு வயர். பொயின்ட் கறுத்துக் குழி விழுந்திருந்தால் அரத்தால் தேய்த்துக் காலம் கடத்தாமல் மாற்றுங்கள், இடைவெளி 0.45 மி.மீ. முதல் 0.55 மி.மீ. வரை. இங்கெல்லாம் சரியாக இருந்தால் பெட்ரோல் பக்கம் போங்கள். பாரம் ஏற்றும்போதும் வேகத்திலும் மட்டும் இடறினால் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பம்ப் பலவீனப்பட்டிருக்கலாம். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேனில் சேர்த்து வைத்ததையும் டாங்கியின் அடிமட்டத்தையும் ஓடி முடித்த வண்டிகளில் துருவும் தண்ணீரும் காபரேட்டருக்கு வந்ததை நானே கழுவியிருக்கிறேன். மாறாக ஐட்லிங்கில் மட்டும் உதறி, அக்சிலேட்டர் கொடுத்ததும் சரியாகிறது என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. இன்டேக் மனிஃபோல்ட் கஸ்கட்டையும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸையும் வடிவாகப் பாருங்கள்.

ஸ்பார்க்கும் பெட்ரோலும் சரி, அப்படியும் அந்தச் சிலிண்டர் எழும்பவில்லையா, கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பிளக் துளையில் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, கொயில் வயரை விடுவித்து, அக்சிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகக் குறைவாகக் காட்டினால், அதற்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கஸ்கட். வால்வு என்று முடிவு கட்டுமுன் டெப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் ரொக்கருக்கும் இடையில் உள்ளதை) அளந்துவிடுங்கள், இறுகிய வால்வும் இதே குணம் காட்டும்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஓடும் பிக்கப்புகளில் டீசலும் நிறைய இருக்கிறது, அதற்குப் பிளக் வயர் சோதனை இல்லை. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் ஐட்லிங்கில் இன்ஜெக்டர் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்தி, சத்தம் மாறாத சிலிண்டரைப் பிடிக்கலாம். நட்டைச் சுற்றித் துணி போட்டு, கண்ணாடி அணிந்து, கையை விலக்கி வையுங்கள், அந்த அமுக்கத்தில் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புதிய வகை காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் மிகக் கூடிய அமுக்கத்தில் டீசல் நிற்கும்) எஞ்சினில் இதை ஒருபோதும் செய்யக்கூடாது.

இனி எங்கள் வண்டி. வயரைக் கழற்றிக் கேட்டபோது மூன்றாவது மாறவில்லை, பிளக் நனைந்திருந்தது, இடம் மாற்றியும் பிழை மூன்றிலேயே நின்றது. டெல்கோ மூடியில் மூன்றாம் வயரைப் பிடுங்கி டோர்ச் அடித்தால், துளைக்குள் பித்தளை முழுக்கப் பச்சைக் களிம்பு. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, உப்புக்காற்று அந்தச் சின்ன ரப்பர் உறையின் வெடிப்பு வழியாக உள்ளே போயிருந்தது. மெல்லிய உப்புத்தாளைக் குச்சியில் சுற்றித் தேய்த்து, துடைத்து, புது உறை போட்டேன். அரை மணித்தியால வேலை. இப்போது மாரி முழுக்க இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அந்த மூடியைக் கழற்றி, காய்ந்த துணியால் உள்ளும் வெளியும் துடைத்துவிட்டுத்தான் மூடுகிறேன்.